மலையேறிய பால்சுறா: செவுளைத் திறந்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு பிளஸ் ஒன் கண்காட்சிக்காக மூன்று சுறாக்களைப் பாழாக்கியிருக்கிறேன். நான்காவதில்தான் காரியம் கைகூடியது. முதல் சுறாவைக் கடைக்காரர் தோலுரித்துத் துண்டு போட்டுவிட்டார். இரண்டாவது, மலையேறி வீடு வந்து சேர்வதற்குள் நாறிவிட்டது. மூன்றாவதை நானே அவசரப்பட்டு, உடலைக் கெடாமல் வைக்கும் ரசாயனமான ஃபார்மலினில் போட்டுக் கெடுத்தேன்.

நாங்கள் இருப்பது ஏற்காட்டில். மகளுக்கு விலங்கியல் பாடம்; கண்காட்சிக்கு அவள் எடுத்த தலைப்பு மீனின் சுவாசம். தெர்மோகோலில் மீன் செய்து வண்ணம் பூசிக் கொடுத்திருக்கலாம், வகுப்பில் பாதிப் பேர் அதைத்தான் செய்தார்கள். அவளுக்கு நிஜச் சுறாவின் செவுள்தான் வேண்டும் என்று பிடிவாதம். சேலத்திலிருந்து எந்தக் கடற்கரைக்குப் போனாலும் அரை நாள் பயணம். அதனால் சந்தையில் சாப்பாட்டுக்கு வரும் சின்னச் சுறாதான் ஒரே வழி. அந்த வழியில் எங்கெங்கே குழி இருக்கிறது என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

1. கத்திக்கு முன் கடிதம்

மீன் வாங்கிய பிறகு தாள்களைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். நான் அப்படித்தான் நினைத்தேன், எட்டு நாள் வீணாகியது. கையில் இருக்க வேண்டியவை இவை.

முதலாவது, பள்ளியிலிருந்து ஒரு கடிதம். பாட ஆசிரியர் எழுதி, தலைமையாசிரியர் கையெழுத்திட்டு, பள்ளி முத்திரையுடன் இருக்க வேண்டும். "உணவுக்காகச் சந்தையில் விற்கப்படும் இறந்த மீன்" என்ற சொற்களும், எவ்வளவு ஃபார்மலின் தேவை என்பதும் அதில் கட்டாயம் இடம்பெற வேண்டும். இரண்டு பிரதி வாங்குங்கள். ஒன்றை ரசாயனக் கடைக்காரர் வைத்துக்கொள்வார். கடிதம் இல்லாமல் போனபோது எனக்கு ஒரு சொட்டுக்கூடக் கிடைக்கவில்லை. அவர் செய்தது சரிதான்.

கல்லூரி மாணவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. விலங்கியல் படிப்புகளில் விலங்குகளை அறுப்பதை நிறுத்தும்படி பல்கலைக்கழக மானியக் குழு 2014-ல் அறிவித்துவிட்டது. "அக்கா படித்த காலத்தில் ஆய்வகத்திலேயே அறுத்தார்களே" என்று கேட்டுப் பயனில்லை. மீனோடு கல்லூரி வாசலில் போய் நிற்காதீர்கள். துறைத் தலைவரிடம் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். மாட்டேன் என்றால் வீட்டிலேயே பார்த்துப் படம் வரைந்து முடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, மீன் வாங்கிய சீட்டு. மீன் கடையில் அச்சடித்த ரசீது கிடைக்காது. ஒரு துண்டுத் தாளில் தேதி, மீனின் பெயர், எடை, விலை எழுதி வியாபாரியின் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள். அவர் சிரிப்பார், போட்டும் கொடுப்பார்.

மூன்றாவது, படங்கள். முழு மீனின் பக்கத்தில் அடிக்கோல் வைத்து மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, வயிற்றுப்புறம் ஒன்று. இதற்குக் காரணம் சட்டம். திமிங்கலச் சுறா, ரம்பம் போன்ற மூக்குள்ள வேளா மீன் உள்ளிட்ட சிலவற்றை 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-லேயே சேர்த்துவிட்டார்கள். 2022-ல் சட்டம் திருத்தப்பட்டு அட்டவணைகள் மாற்றி எழுதப்பட்டன. ஆகவே பழைய பட்டியலை நம்பாமல் இப்போதைய அட்டவணையை ஒருமுறை பார்த்துவிடுங்கள். சந்தையில் சாதாரணமாக வரும் பால்சுறாவுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் பெரிய இனம் ஒன்றின் குட்டியும் அதே கூடையில் கிடக்கக்கூடும், குட்டி என்பதற்காகச் சட்டம் தளர்வதில்லை. துடுப்புகள் உடம்போடு இருக்கும் முழு மீனை மட்டும் வாங்குங்கள். இனம் கண்டுபிடிக்கவும் துடுப்பு வேண்டும்.

2. எந்த மாதம், எந்தக் கிழமை

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. ஜூன், ஜூலை இரண்டு மாதமும் மேற்குக் கரையில் தடை. ஜூன் முதல் பாதியில் இரண்டும் ஒன்றாக வரும். அந்த நாட்களில் சேலத்தில் சுறா கிடைத்தால், அது எத்தனை நாள் ஐஸில் கிடந்தது என்று கேளுங்கள். மே மாதம் ஏற்காட்டுக்காரர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: கோடை விழாக் கூட்டம். மலைப்பாதையில் வாகனங்கள் ஊர்ந்து வரும்போது பெட்டியில் ஐஸ் கரைந்துகொண்டிருக்கும்.

நல்ல காலம் புரட்டாசி. பாதி ஊர் அசைவத்தை நிறுத்திவிடுவதால் கடையில் நெரிசல் இல்லை, விலையும் இறங்கும், வியாபாரிக்கு உங்களோடு பேச நேரமும் இருக்கும். ஒரே குறை, அந்த மாதம் வீட்டுக்குள் மீனைக் கொண்டுவர மாமியார் சம்மதிக்க வேண்டும். எங்கள் வீட்டில் பின்கட்டுத் திண்ணையோடு நிறுத்திக்கொள்ளும்படி உத்தரவு.

ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். கூட்டத்தில் ஒரு மீனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தால் பின்னால் நிற்பவர்கள் விடமாட்டார்கள். புதன் அல்லது வியாழன் காலை ஆறு மணிக்குள் போய்விடுங்கள்.

3. கடையில் என்ன சொல்ல வேண்டும்

நான் வாங்கியது சூரமங்கலம் மீன் மார்க்கெட்டில். எந்தக் கடையானாலும் முதல் வாக்கியம் இதுவாக இருக்கட்டும்: "அண்ணா, கத்தி வைக்காமல் முழுசாகக் கொடுங்கள்." சுறாவைப் பொறுத்தவரை தலையை வெட்டி, குடலை எடுத்து, தோலை நீக்கிக் கொடுப்பதுதான் அவர்களுக்குப் பழக்கம். "சுத்தம் செய்யட்டுமா அக்கா?" என்று கேட்டபோது பழக்கதோஷத்தில் நான் தலையாட்டிவிட்டேன். இரண்டு நிமிடத்தில் என் திட்டம் குழம்புத் துண்டுகளாகிவிட்டது.

தலை மட்டும் போதும் என்று நினைப்பவர்கள்கூட முழு மீனை வாங்குங்கள். சுறாவின் ஐந்தாவது செவுள் பிளவு மார்புத் துடுப்பின் அடியை ஒட்டி, அதற்கு மேலேயே இருக்கும். கடைக்காரர் தலையை வெட்டும் இடமும் அதுதான். வெட்டினால் ஐந்தாவது பிளவு போகும், அதற்குச் சற்றுக் கீழே இருக்கும் இதயமும் போகும்.

சந்தையில் சின்னதாக இருக்கும் எல்லாச் சுறாவுக்கும் பால்சுறா என்றுதான் பெயர். பாடநூலில் வரும் ஸ்கோலியோடான் வேண்டுமென்றால் மூக்கைப் பாருங்கள். மண்வெட்டியின் தகடு போல மேலும் கீழும் தட்டையாக, நீண்டு இருக்கும். மார்புத் துடுப்பு குட்டையாக, அகன்ற முக்கோணமாக இருக்கும். வாயின் ஓரத்தில் நீளமான பள்ளக்கோடு தெரிந்தால் அது ரைசோபிரியோனோடான் என்ற வேறு இனமாக இருக்கலாம். செவுளைப் பார்ப்பதற்கு எதுவானாலும் சரி. இரண்டுக்கும் ஐந்து பிளவுதான், உள்ளமைப்பும் ஒன்றுதான். பெயர்ச் சீட்டு எழுதும்போது மட்டும் கவனம் வேண்டும். பழைய செய்முறைக் கையேடுகளில் ஸ்கோலியோடான் சொரகோவா என்று இருக்கும். இப்போது ஸ்கோலியோடான் லாட்டிகாடஸ் என்று எழுதுகிறார்கள்.

புதுசா பழசா என்பதை மூக்கே சொல்லிவிடும். சுறாவின் சதையில் யூரியா அதிகம், கெடத் தொடங்கியதும் அது அமோனியாவாக மாறும். செவுள் பிளவின் அருகே முகர்ந்து பாருங்கள். கடல் வாசனை என்றால் வாங்கலாம். பழைய பஸ் நிலையக் கழிப்பறை நினைவுக்கு வந்தால் திருப்பி வைத்துவிடுங்கள்.

35 முதல் 45 சென்டிமீட்டர் நீளம் போதும். இரண்டு வாங்குங்கள், ஒன்று மேஜைக்கு, ஒன்று புட்டுக்கு. கூடவே ஒரு ஜிலேபி மீனும் வேண்டும். ஏன் என்று ஏழாவது படியில் தெரியும்.

4. ஐஸ், பஸ், 20 கொண்டை ஊசி வளைவுகள்

மீனின் எடைக்குச் சமமான எடை ஐஸ். ஐஸைத் தனிப் பையில் கட்டுங்கள், மீனைத் தனியாக இரண்டு பாலிதீன் பைகளில் சுற்றுங்கள். உருகும் நன்னீர் செவுளில் பட்டால் அது ஊறி வெளுத்துவிடும். தெர்மோகோல் பெட்டியின் மூடியைச் சுற்றி ஒட்டுநாடா ஒட்டிவிடுங்கள். இரண்டாவது முயற்சியில் நான் ஒரு துணிப்பையோடு பஸ் ஏறினேன். ஏழாவது வளைவில் பையிலிருந்து தண்ணீர் ஒழுகத் தொடங்கியது, பன்னிரண்டாவது வளைவில் முன் இருக்கை அம்மாள் திரும்பிப் பார்த்தார், இருபதாவதில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

காலை ஆறு மணிக்கு வாங்கினால் ஒன்பது மணிக்குள் மேஜைக்கு வந்துவிட வேண்டும். அன்றே முடியாது என்றால் வாங்காதீர்கள். ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் செவுள் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகிவிடும்.

5. சாமான்களும் செலவும்

நான்காவது முயற்சியில் எனக்கு ஆன செலவு: இரண்டு சுறாவும் சேர்த்து 700 கிராம், 294 ரூபாய். ஜிலேபி 60. தெர்மோகோல் பெட்டி 80, ஐஸ் 20. அறுவைக் கத்தியின் பிடியும் பிளேடுகளும் 130. கையுறை, முகக்கவசம் 60. அரை லிட்டர் ஃபார்மலின் 190. கண்ணாடி ஜாடி 160. மொத்தம் 994 ரூபாய், பஸ் கட்டணம் தனி. உங்கள் நாளில் மீன் விலை ஏறும் இறங்கும், மற்றவை ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

வீட்டிலேயே இருப்பவை: வெள்ளைத் தட்டு ஒன்று, பழைய கத்தரிக்கோல், புருவம் திருத்தும் இடுக்கி, வரையும் தூரிகை, லென்ஸ், குழந்தைக்கு மருந்து ஊட்டும் ஊசியில்லாத சிரிஞ்சு, பாலாடை, சொட்டு நீலம். ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி கல் உப்புக் கரைத்துக் குளிரவைத்துக்கொள்ளுங்கள். செவுளை இந்த உப்புநீரில் மட்டும்தான் போட வேண்டும்.

கத்தரிக்கோல் பழையதாக இருக்கட்டும் என்று சும்மா சொல்லவில்லை. சுறாத் தோல் முழுக்கப் பல்லைப் போன்ற நுண்ணிய பிளக்காய்டு செதில்கள். என் தையல் கத்தரிக்கோல் ஒரே நாளில் முனை மழுங்கிப் போனது.

6. வெட்டுவதற்கு முன் அரை மணி நேரம்

எல்லோரும் கத்தியை எடுக்க அவசரப்படுகிறார்கள். வெளியே பார்க்க வேண்டியதை வெட்டிய பிறகு பார்க்க முடியாது.

தலையிலிருந்து வால் பக்கம் தடவுங்கள், வழவழப்பு. வாலிலிருந்து தலைப் பக்கம் தடவினால் உப்புக் காகிதம். வால் துடுப்பின் மேல் மடல் நீளம், கீழ் மடல் குட்டை. இடுப்புத் துடுப்பின் உள்விளிம்பில் விரல் போன்ற இரண்டு உறுப்புகள் இருந்தால் ஆண். மூக்கின் அடிப்புறத்தில் ஊசியால் குத்தினது போலப் புள்ளிகள் தெரியும், லேசாக அழுத்துங்கள். வெந்த ஜவ்வரிசி போன்ற நிறமற்ற கூழ் துளித்துளியாக வெளிவரும். சேலத்துப் பிள்ளைக்கு இதைவிட நல்ல உவமை கிடைக்காது. அந்தப் புள்ளிகள் லாரன்சினி குடுவைகளின் வாய்கள். இரையின் உடலிலிருந்து வரும் மெல்லிய மின்புலத்தைச் சுறா இவற்றால் உணர்கிறது.

இணையப் படங்களைப் பார்த்து வரைபவர்கள் விழும் குழி இங்கே இருக்கிறது. "நாய்ச்சுறா" என்று தேடினால் பெரும்பாலும் வருவது குளிர்க்கடலில் வாழும் ஸ்குவாலஸ். அதற்குக் கண்ணுக்குப் பின்னால் ஒரு சுவாசத்துளை உண்டு, முதுகுத் துடுப்புகளின் முன்னால் முள்ளும் உண்டு. நம் ஸ்கோலியோடானுக்கு இரண்டும் கிடையாது. தட்டில் இல்லாததைத் தாளில் வரையாதீர்கள்.

இப்போது பிளவுகளை எண்ணுங்கள். நான்கு என்று வந்தால் மார்புத் துடுப்பைத் தூக்கிப் பாருங்கள், ஐந்தாவது அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும்.

7. செவுள்

கத்தி இல்லாமலே ஒரு சோதனை. அரைக் குவளை உப்புநீரில் இரண்டு சொட்டு நீலம் விடுங்கள். வெள்ளைத் தட்டின் மேல் தலையைத் தூக்கிப் பிடித்து, வாய் திறந்திருக்க ஐஸ் குச்சியை முட்டுக் கொடுத்து, பாலாடையால் நீல நீரை மெல்ல ஊற்றுங்கள். முதலில் இரண்டு பிளவுகளில்தான் எங்களுக்கு நீலம் வந்தது. மற்ற மூன்றும் சளியால் ஒட்டியிருந்தன. ஈரத் தூரிகையால் மடிப்பை நீவிவிட்டு மறுபடி ஊற்றியபோது, கழுத்தின் இரு பக்கமும் ஐந்தைந்து நீலக் கோடுகள் ஒரே நேரத்தில் வழிந்தன. வாய்க்கும் பிளவுக்கும் இடையே வழி இருக்கிறது என்பதை மகளுக்கு அதற்குப் பிறகு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்தது எதிர்த்திசை. தலையை உப்புநீரில் முக்கி, வாய்க்குள் சிரிஞ்சை வைத்து நீரை உள்ளே இழுங்கள். பிளவின் தோல் மடிப்புகள் உள்ளே சரிந்து வாசலை அடைத்துக்கொள்ளும். உயிரோடு இருக்கும்போது நடப்பதும் இதுவே. வாய் திறந்து தொண்டை விரியும்போது நீர் வாய் வழியே மட்டும் உள்ளே வரும், வாய் மூடித் தொண்டை சுருங்கும்போது பிளவுகள் வழியே வெளியேறும்.

இனி கத்தரிக்கோல். மீனை மல்லாத்திப் போடுங்கள். இடது பக்கத்தை மட்டும் வெட்டுங்கள், வலது பக்கம் படம் வரைவதற்கு அப்படியே இருக்கட்டும். வாயின் இடது ஓரத்தில் கத்தரியை நுழைத்து, ஐந்து பிளவுகளின் நடுவாகப் பின்னோக்கி, மார்புத் துடுப்பின் அடிக் குருத்தெலும்பு வரை வெட்டிச் செல்லுங்கள். எலும்பு இல்லை, எல்லாம் குருத்தெலும்பு. ஆகவே பலம் தேவையில்லை. பிறகு தொண்டையின் தரையைக் குறுக்கே ஒரு வெட்டு வெட்டினால் கீழ்த்தாடை கதவு போல ஒரு பக்கம் திறந்துவிடும். குறுக்கு வெட்டைத் துடுப்புகளுக்கு நடுவே ஆழமாகப் போட்டுவிடாதீர்கள், அதற்கு நேர் கீழே இதயம் இருக்கிறது.

திறந்ததும் உப்புநீரை ஊற்றிச் சளியைக் கழுவுங்கள். தொண்டையின் சுவரில் உள்வாசல்கள் ஐந்து தெரியும். ஒவ்வொரு வாசலுக்கும் வெளிப்பிளவுக்கும் இடையே ஒரு பை. அந்தப் பைகளின் முன்சுவரிலும் பின்சுவரிலும் கருஞ்சிவப்பு மடிப்புகள், புதுப் புடவையின் கொசுவம் போல ஒழுங்காக அடுக்கியிருக்கும்.

இப்போது எண்ணிப் பாருங்கள். பை ஐந்து, ஒவ்வொன்றுக்கும் சுவர் இரண்டு, ஆகவே பத்து என்று மனக்கணக்கு சொல்லும். வருவது ஒன்பதுதான். ஐந்தாவது பையின் பின்சுவர் வெறுமையாக, வழவழப்பாக இருக்கும். செவுளைத் தாங்கும் குருத்தெலும்புக்குச் செவுள் வளைவு என்று பெயர்; ஐந்தாவது வளைவில் செவுள் கிடையாது. முதல் பையின் முன்சுவரில், நாவடி வளைவின் (நாக்கின் அடியைத் தாங்கும் குருத்தெலும்பு வளைவு) மேல் ஒரு அரைச் செவுள். அதற்குப் பின்னால் நான்கு வளைவுகளில் இரு பக்கமும் மடிப்புள்ள நான்கு முழுச் செவுள்கள். ஒரு அரை, நான்கு முழு. மகள் மூன்று முறை எண்ணி, மூன்று முறையும் ஒன்பதே வந்ததால் நான் தவறாக வெட்டிவிட்டேன் என்று சண்டைக்கு வந்தாள். கண்காட்சியில் நடுவர் கேட்ட முதல் கேள்வியும் இதுதான். பத்து என்று பதில் சொன்ன பிள்ளைகள் தட்டைப் பார்க்காமல் மனக்கணக்குப் போட்டவர்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

ஒரு முழுச் செவுளை மட்டும், இரண்டாவது வளைவிலிருந்து, அடியோடு வெட்டி எடுத்து உப்புநீர்த் தட்டில் மிதக்கவிடுங்கள். காற்றில் பிடித்துப் பார்த்தால் ஈரக் கந்தல் போல ஒட்டிக்கொண்டு ஒன்றும் தெரியாது. நீரில் விட்ட கணமே மடிப்புகள் பிரிந்து எழும். நடுவில் ஒரு தோல்சுவர், அதன் இரு முகத்திலும் மடிப்புகள், சுவரைத் தாங்க உள்ளே விசிறிக் குச்சிகள் போன்ற குருத்தெலும்புக் கதிர்கள். இந்த இடைச்சுவர் மடிப்புகளோடு நின்றுவிடாமல் அவற்றைத் தாண்டி நீண்டு போகிறது. அந்த நீட்சிதான் வெளியே பிளவை மூடிய தோல் மடிப்பு. வெளியில் நாம் தூரிகையால் நீவியதும் உள்ளே தாங்கி நிற்கும் சுவரும் ஒரே தகட்டின் இரு முனைகள்.

இப்போது ஜிலேபி. அதன் கன்னத்தில் உள்ள செவுள் மூடியைக் கத்தரியால் வெட்டி எடுத்துவிட்டு உள்ளே பாருங்கள். சிவப்புச் சீப்பு. பற்கள் தனித்தனியாக, நுனி சுதந்திரமாக அசையும். அங்கே இடைச்சுவர் குறுகிப் போயிருக்கிறது. காவலுக்கு மேலே எலும்பு மூடி வந்துவிட்டது. சுறாவுக்கு மூடி இல்லை, ஆகவே ஒவ்வொரு செவுளும் தன் கதவைத் தானே சுமக்கிறது. எலும்பு மீனுக்கும் குருத்தெலும்பு மீனுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு பக்கம் எழுதுவதைவிட இரண்டு செவுளையும் பக்கத்துப் பக்கத்தில் ஒரு தட்டில் வைத்துப் படம் எடுங்கள். எங்கள் மேசையில் அதிகம் பேர் நின்றது அந்தப் படத்தின் முன்னால்தான்.

பொறுமை உள்ளவர்களுக்கு இன்னொன்று. முழுச் செவுளைப் புதிய பிளேடால் குறுக்கே ஒரே இழுப்பில் வெட்டி, வெட்டுமுகத்தை லென்ஸில் பாருங்கள். வளைவுக் குருத்தெலும்பின் அருகே ஊசித் துளைகள் மூன்று தெரியலாம்: இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுவரும் தமனி ஒன்று, பிராணவாயு ஏற்றிய இரத்தத்தைக் கொண்டுபோகும் தமனிகள் இரண்டு. மடிப்புகளுக்குள் இரத்தம் ஓடும் திசையும் அவற்றின் மேல் நீர் ஓடும் திசையும் எதிரெதிர். இது கண்ணுக்குத் தெரியாது, அம்புக்குறி போட்டுத்தான் காட்ட வேண்டும்.

8. மீதி உடம்பு, சுருக்கமாக

மார்புத் துடுப்புகளுக்கு நடுவே உள்ள குருத்தெலும்புப் பாலத்தை மெல்லச் சீவி எடுத்தால் இதயம் தெரியும். சைனஸ் வினோசஸ், ஆரிக்கிள், வெண்ட்ரிக்கிள், கோனஸ் என்று நான்கு பகுதிகள் வரிசையாக இருப்பதைப் பார்த்து நான்கு அறை என்று எழுதிவிடாதீர்கள். மீனின் இதயம் இரண்டு அறை. ஆரிக்கிளும் வெண்ட்ரிக்கிளும் மட்டுமே கணக்கில் வரும். இங்கே வருவது முழுக்கப் பிராணவாயு குறைந்த இரத்தம்.

வயிற்றைத் திறந்ததும் பாதி இடத்தை ஈரல் பிடித்துக்கொண்டிருக்கும். எண்ணெய் நிறைந்த இரண்டு மடல்கள். சுறாவுக்குக் காற்றுப்பை இல்லை, மூழ்காமல் இருக்க இந்த எண்ணெய் உதவுகிறது. இரைப்பை ஆங்கில ஜே எழுத்தைப் போல வளைந்திருக்கும். குடலை நீளவாக்கில் வெட்டினால் உள்ளே சுருட்டிய பாய் போல ஒரு சவ்வு. குட்டையான குடலில் உணவு நிதானமாகப் போக அந்தச் சுருள் வழிசெய்கிறது.

எங்கள் நான்காவது சுறா பெண். உள்ளே ஏழு குட்டிகள் இருந்தன, சுண்டுவிரல் நீளம், ஒவ்வொன்றும் ஒரு கொடியால் தாயோடு இணைந்து. இந்த இனம் முட்டையிடுவதில்லை, நஞ்சுக்கொடி வழியே ஊட்டிக் குட்டி போடுகிறது என்பது பாடநூலில் ஒரு வரி. மகள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு அவற்றின் கழுத்தை லென்ஸில் பார்த்து, "இதற்கும் ஐந்து இருக்கிறது அம்மா" என்றாள். சின்னப் பிள்ளைகளை உட்காரவைத்துத் திறப்பதாக இருந்தால், இப்படி நேரலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

9. ஃபார்மலின் கடைசியில்தான்

என் மூன்றாவது தவறு இது. கெட்டுவிடுமே என்று பயந்து முதலிலேயே ஃபார்மலினில் போட்டேன். மறுநாள் செவுளின் சிவப்பெல்லாம் மண்நிறமாகி, மடிப்புகள் விறைத்துப்போயின, நீரில் விட்டாலும் பிரியவில்லை. படம், எண்ணிக்கை, நீலச் சோதனை எல்லாம் முடிந்த பிறகே இதற்கு வாருங்கள்.

கடையில் வாங்கும் ஃபார்மலின் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர். இதுதான் 10 சதவீதக் கரைசல். தலையைத் துடுப்போடு சேர்த்து வெட்டி, வாய் வழியே சிரிஞ்சால் கரைசலைச் செலுத்திவிட்டு ஜாடியில் முழுதும் மூழ்கும்படி வையுங்கள். ஒரு வாரம் அசைக்க வேண்டாம். உலோக மூடி துருப்பிடிக்கும், பிளாஸ்டிக் மூடி போடுங்கள்.

இது விளையாட்டுப் பொருள் அல்ல. ஃபார்மலினிலிருந்து எழும் ஃபார்மால்டிஹைடு ஆவி கண்ணையும் தொண்டையையும் எரிக்கும், புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று அறியப்பட்டது. திறந்த வெளியில், கையுறையோடு, பெரியவர் மட்டும் ஊற்ற வேண்டும். ஆஸ்துமா உள்ளவர் இருக்கும் வீட்டில் செய்யவே வேண்டாம். சமையல் பாத்திரத்தைத் தொடக்கூடாது. இதில் பட்ட மீனை நாய்க்கும் போடக்கூடாது. மீதிக் கரைசலைச் சாக்கடையில் ஊற்றாமல் பள்ளி ஆய்வகத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.

புட்டுக்கு வாங்கிய இரண்டாவது சுறாவை இந்த மேஜைப் பக்கமே கொண்டுவரக்கூடாது. அது முதலிலேயே அடுக்களைக்குப் போய்விட வேண்டும்.

ஃபார்மலின் படாத குடல், தோல் கழிவுகளை இரண்டடி ஆழத்துக்குக் குறையாமல் புதையுங்கள். நாங்கள் முதல் முறை ஒரு அடி தோண்டினோம். காலையில் தெரு நாய்கள் எல்லாவற்றையும் வாசலில் பரப்பியிருந்தன.

10. பெயர்ச் சீட்டு

பென்சிலில் எழுதுங்கள், மை கரைந்துவிடும். பெயர், பாலினம், நீளம், தேதி, எழுதியவர் பெயர். ஜாடிக்குள் ஒன்று, வெளியே ஒன்று. பள்ளிக் கடிதத்தின் நகல், கடைச் சீட்டு, மூன்று படங்கள் ஆகியவற்றைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். வாங்கியதிலிருந்து ஒப்படைப்பது வரை பத்து நாள் வேண்டும். கடிதம் வாங்கும் நாட்களையும் சேர்த்தால் மூன்று வாரம் முன்னதாகத் தொடங்குங்கள்.

மாதிரிச் சீட்டில் "சேகரித்த இடம்" என்று ஒரு கட்டம் இருந்தது. மகள் யோசிக்காமல் "சேலம்" என்று நிரப்பிவிட்டாள். நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "சேலத்தில் எந்தக் கடலம்மா?" என்று கேட்டார். பென்சிலில் எழுதியிருந்ததால் அங்கேயே அழித்து, "வாங்கிய இடம்: சேலம் மீன் சந்தை" என்று திருத்தினோம்.